இல்லையெனாத நினைவகம்

புதுக்கோட்டை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது மன்னர்கள் ஆண்ட அந்தப் பெரிய ஊர்தான். நான் வசிப்பது வேறொரு புதுக்கோட்டை. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி செல்லும் சாலையில் உள்ள சிற்றூர். கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்ற பிறகு, காலை வேளைகளில் அக்கம்பக்கத்தினருக்கு மனு எழுதிக் கொடுப்பது என் வழக்கமாகிவிட்டது.

சென்ற மாதம் ஓர் ஆச்சி வந்திருந்தார். நாற்பது ஆண்டுகள் உப்பளத்தில் உப்பு வாரியவர். உதவித்தொகை கோரி அவர் அளித்த மனு நான்காவது முறையாகத் திரும்பி வந்திருந்தது. மனுவில் எழுத்துப் பிழை இல்லை. அவருடைய தகுதியிலும் யாருக்கும் ஐயம் இல்லை. தேவைப்பட்ட ஒரு சான்றின் நகல் அந்த மேசையில் இல்லை, அவ்வளவுதான். அது அதே வளாகத்தில் மற்றொரு பிரிவின் அலமாரியில் இருந்தது. அதை அவரே பெற்று வர வேண்டும் என்றார்கள். அந்தப் பிரிவோ வேறொரு தாளைக் கேட்டது. ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் போயின. மனுவின் மூலையில் குறையுடையது என்று எழுதியிருந்தது.

அன்று மாலை, விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த என் தம்பி மகளிடம் இதைச் சொல்லி வருந்தினேன். கணினி இயங்குதளங்களின் உட்பகுதியை எழுதும் பணியில் இருப்பவள் அவள். எங்கள் உலகில் இப்படி நடக்காது பெரியப்பா என்று சொல்லிவிட்டு, பேஜ் ஃபால்ட் என்பதைப் பற்றி விளக்கத் தொடங்கினாள். தமிழில் பக்கப் பிழை எனலாம். ஒரு செயலி தனக்குரிய ஒன்றைக் கேட்கிறது. அது அந்த நொடியில் நினைவகத்தில் இல்லை. ஆனால் செயலி திருப்பி அனுப்பப்படுவதில்லை. எங்கோ இருக்கும் அதை எடுத்து வந்து வைக்கும் பொறுப்பு அமைப்பினுடையது. காத்திருந்ததுகூடச் செயலிக்குத் தெரியாது.

இந்த ஏற்பாட்டை முதலில் செய்து காட்டியவர் யார் என்று கேட்டேன். டாம் கில்பர்ன் என்றாள். கணினி படித்தவர்கள் அனைவரும் அறிந்த பெயர். நான் அறியாத பெயர். அதன் பின் சில வாரங்கள் அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். படித்ததைப் பகிர்ந்து கொள்ளவே இக்கட்டுரை.

கில்பர்ன் 1921 ஆகஸ்ட் 11 அன்று இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில், கம்பளி நெசவுக்குப் பெயர்பெற்ற ட்யூஸ்பரி நகரில் பிறந்தார். எளிய நடுத்தரக் குடும்பம். உள்ளூர்ப் பள்ளியில் கணிதத்தில் சிறந்து விளங்கி, 1940-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சிட்னி சசெக்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். போர்க்காலம் என்பதால் படிப்பு இரண்டே ஆண்டுகளாகச் சுருக்கப்பட்டது. 1942-இல் வெளியே வந்தவரை அரசு மால்வெர்னில் இருந்த ரேடார் ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பியது.

அங்கே அவருக்கு வாய்த்த மேலாளர் ஃபிரெடெரிக் வில்லியம்ஸ், மின்னணுச் சுற்றுகளில் பெரும் மேதை. கணிதம் மட்டும் படித்து வந்த இளைஞரைக் கண்டு வில்லியம்ஸ் முதலில் மகிழவில்லை என்கிறார்கள். நான்கு ஆண்டுகளில் அந்த இளைஞர் அவருடைய வலக்கையாகிவிட்டார். 1946 இறுதியில் வில்லியம்ஸ் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகச் சென்றபோது கில்பர்னும் உடன் சென்றார். அவர் கடைசி வரை வாழ்ந்ததும் உழைத்ததும் அந்த நகரில்தான்.

அன்று கணினிக்கு இருந்த பெருங்குறை நினைவகம். கணக்கிடும் வேகம் கைக்கு வந்துவிட்டது. கணக்கை வைத்துக்கொள்ள இடமில்லை. தொலைக்காட்சிப் பெட்டியின் திரையைப் போன்ற கதிர்க்குழாயின் முகப்பில் மின்னூட்டப் புள்ளிகளாக எண்களைச் சேமிக்கலாம் என்பது வில்லியம்ஸின் எண்ணம். ஆனால் அந்தப் புள்ளிகள் நொடியின் ஒரு பகுதிக்குள் மங்கிவிடும். மங்குவதற்கு முன்பே படித்துத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டே இருந்தால் நினைவு நிலைக்கும். மறதியைத் தன் இயல்பாகக் கொண்ட பொருளை, இடைவிடாத கவனிப்பால் நினைவுள்ளதாக்கிய உத்தி அது. 1947 இறுதிக்குள் கில்பர்ன் ஒரே குழாயில் 2,048 இலக்கங்களைச் சேமித்துக் காட்டினார்.

அந்த நினைவகம் உண்மையில் பயன்படுமா என்று சோதிக்க ஒரு சிறு கணினியைக் கட்டினார்கள். ஜெஃப் டூட்டில் உடனிருந்தார். பேபி என்று செல்லமாக அழைக்கப்பட்ட அந்த இயந்திரத்தில் 32 சொற்களுக்கே இடம். 1948 ஜூன் 21 அன்று, கில்பர்ன் எழுதிய 17 கட்டளைகள் கொண்ட நிரலை அது 52 நிமிடங்கள் ஓட்டிச் சரியான விடை தந்தது. தன் நினைவகத்திலேயே நிரலைச் சேமித்து வைத்து இயக்கிய முதல் மின்னணுக் கணினி அதுவே. அப்போது கில்பர்னுக்கு 27 வயதுகூட நிரம்பவில்லை.

இத்துடன் நின்றிருந்தாலும் வரலாறு அவரை மறந்திருக்காது. ஆனால் என் கவனத்தை ஈர்த்தது அடுத்த பதினான்கு ஆண்டுகள். ஏனெனில் அந்த ஆண்டுகளில்தான் அவர் பற்றாக்குறை என்ற, என் துறைக்கே உரிய சிக்கலை எதிர்கொண்டார்.

வேகமான நினைவகம் விலை மிக்கது; எனவே சிறியது. சுழலும் காந்த உருளை மலிவானது, எனவே பெரியது. ஆனால் மெதுவானது. மான்செஸ்டர் கணினிகளில் இரண்டும் இருந்தன. எந்தப் பகுதி எப்போது உருளையிலிருந்து வேக நினைவகத்துக்கு வர வேண்டும், எது திரும்பிப் போக வேண்டும் என்பதை நிரல் எழுதுபவரே முன்கூட்டித் திட்டமிட வேண்டும்.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டதற்கு முந்தைய காலத்தில், கரையோரம் ஆழமில்லாததால் கப்பல்கள் மைல்கணக்கில் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். சரக்கைத் தோணிகளே கரைக்கும் கப்பலுக்குமாகச் சுமந்தன. கரைக் கிடங்கு சிறியது, கைக்கு அருகில் உள்ளது. கப்பல் பெரியது, தொலைவில் உள்ளது. கடைக்காரர் ஒருவர் தனக்கு வேண்டிய ஒவ்வொரு மூட்டைக்கும் தாமே தோணி பிடித்து, தாமே கப்பலுக்குப் போய், கிடங்கில் எந்த மூலை காலி என்பதையும் தாமே கணக்கிட வேண்டியிருந்தால் அவர் கடையை எப்போது நடத்துவார்? அன்றைய நிரலாளர்களின் நிலை அதுதான்.

அந்த அவதியை நானும் சிறிது அனுபவித்திருக்கிறேன். 1980-களின் இறுதியில், உப்பளத் தொழிலாளர் குடும்பங்களின் வருவாய் பற்றிய என் ஆய்வுக்கான தரவுகளை ஒரு மேசைக் கணினியில் இட்டேன். அதில் நிரல்களுக்குக் கிடைத்த இடம் 640 கிலோபைட். பாதிக் கணக்கில் இடமில்லை என்று நின்றுவிடும். தரவை ஊர்வாரியாகத் துண்டு போட்டு, ஒவ்வொன்றாக நெகிழ்தட்டில் ஏற்றி, இடைவிடைகளைத் தாளில் குறித்து, கடைசியில் கூட்டி முடித்தேன். பொருளாதாரத்துக்குச் செலவிட்ட நேரத்தைவிடத் துண்டு போடச் செலவிட்ட நேரம் அதிகம். அதைவிட வருத்தம் தருவது, ஒரு துண்டை இருமுறை கூட்டிவிட்டதைப் பல வாரங்கள் கழித்தே கண்டுபிடித்தேன். மான்செஸ்டரில் இந்தச் சிக்கலுக்குத் தீர்வு கண்டு கால் நூற்றாண்டு கடந்திருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது.

1956-இல் கில்பர்ன் மியூஸ் என்ற புதிய கணினித் திட்டத்தைத் தொடங்கினார். நொடியில் சுமார் பத்து லட்சம் கட்டளைகளை நிறைவேற்ற வேண்டும் என்பது இலக்கு. அமெரிக்கா முந்திச் செல்வதைக் கண்டும் பிரிட்டிஷ் அரசு அமைப்புகளால் விரைந்து முடிவெடுக்க இயலவில்லை. கணினி நேரத்தை வெளியாருக்கு விற்றுத் துறை சேர்த்து வைத்திருந்த பணத்தைக் கொண்டே கில்பர்ன் பணியைத் தொடங்கினார். பின்னர் மான்செஸ்டரின் ஃபெராண்டி நிறுவனம் இணைந்தது. தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகமும் நிதி உதவியது. திட்டம் அட்லஸ் எனப் பெயர் மாறியது. 1962 டிசம்பர் 7 அன்று, அணு இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற ஜான் காக்கிராஃப்ட் அதனைத் தொடங்கி வைத்தார். அன்றைய உலகின் மிக வலிமையான கணினிகளில் அதுவும் ஒன்று.

அட்லஸில் வேக நினைவகம் 16,384 சொற்கள். உருளைகளில் ஏறத்தாழ 98,000 சொற்கள். ஆனால் நிரலாளருக்குக் கில்பர்ன் அளித்த வாக்குறுதி வேறு. உருளை என ஒன்று இருப்பதையே நீங்கள் மறந்துவிடலாம். பத்து லட்சம் சொற்கள் வரை நீளும் ஒரே பரப்பு உங்கள் முன் இருப்பதாக எண்ணி முகவரி கொடுங்கள். மற்றதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்பதே அது. இந்த ஏற்பாட்டுக்கு ஒற்றை நிலைச் சேமிப்பு என்று பெயரிட்டு, எட்வர்ட்ஸ், லானிகன், சம்னர் ஆகிய சக ஆய்வாளர்களுடன் 1962-இல் அவர் வெளியிட்ட கட்டுரை இன்றும் பாடமாக வைக்கப்படுகிறது.

வாக்குறுதி காப்பாற்றப்பட்ட விதம் எளிமையானது. நினைவகம் முழுவதையும் 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பிரித்தார்கள். வேக நினைவகத்தில் அப்படி 32 பக்கங்களுக்கு இடம். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு சிறு பதிவேடு. அதில் இப்போது அங்கே குடியிருக்கும் பக்கத்தின் எண் இருக்கும். செயலி ஒரு முகவரியைக் கேட்டவுடன், 32 பதிவேடுகளும் ஒரே நேரத்தில் ஒப்பிடப்படும். ஒன்றில் பொருந்தினால் வேலை தொடரும்.

ஒன்றிலும் பொருந்தாவிட்டால்? அங்கேதான் பேஜ் ஃபால்ட் பிறக்கிறது. வன்பொருள் செயலியை அந்தக் கட்டளையிலேயே நிறுத்திவிட்டு, சூப்பர்வைசர் என்ற மேற்பார்வை நிரலை அழைக்கும். இன்றைய இயங்குதளங்களின் கெர்னலுக்கு அதுவே முன்னோடி. டேவிட் ஹோவர்த் தலைமையில் எழுதப்பட்ட அந்த மேற்பார்வையாளர், கேட்ட பக்கம் உருளையில் எங்கிருக்கிறது என்று பார்த்து, எடுத்து வந்து வைத்து, பதிவேட்டைத் திருத்துவார். பிறகு நின்ற அதே கட்டளை மீண்டும் நிறைவேறும். இடையில் கிடைத்த நேரத்தில் வேறொருவரின் வேலை நடந்துகொண்டிருக்கும். இயந்திரம் சும்மா இருக்காது.

ஒரு சிறு செய்தி என்னை வியக்க வைத்தது. கில்பர்ன் குழுவினர் இந்த நிகழ்வுக்குப் பிழை என்று பெயரிடவில்லை. பதிவேடுகளோடு பொருந்தாததால் நேரும் குறுக்கீடு என்ற பொருளிலேயே அதை அழைத்தார்கள். பிழை என்ற சொல் பின்னர் வந்து ஒட்டிக்கொண்டது. உண்மையில் பிழை செய்தவர் யாருமில்லை. கேட்டவருக்குக் கேட்க உரிமை உண்டு. கேட்ட பொருளும் இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் இல்லை என்பது மட்டுமே நிலவரம்.

இன்னொரு செய்தி, பொருளாதார ஆசிரியன் என்ற முறையில் என்னை வெட்கப்படவும் வைத்தது. வேக நினைவகம் பொன்னைப் போல விலைமிக்கதாக இருந்த அந்தக் காலத்தில், 32 இடங்களில் ஒன்றைக் கில்பர்ன் எப்போதும் காலியாகவே வைத்திருந்தார். புதிய பக்கம் வரும்போது, பழையதை வெளியேற்றும் வரை அது காத்திருக்கக் கூடாது; உடனே அமர வேண்டும். அது அமர்ந்த பின்பு, நிதானமாக மற்றொரு பக்கத்தை வெளியேற்றி அடுத்த வரவுக்கு இடம் ஒழித்து வைப்பார்கள். பயன்படாத திறன் வீண் என்று முப்பது ஆண்டுகள் வகுப்பில் சொல்லி வந்தவன் நான். காலியாக இருக்கும் படுக்கையும், கையில் உடனடி வேலை இல்லாத ஊழியரும் சில நேரங்களில் வீணல்ல, அமைப்பின் விரைவுக்கான விலை என்பதை எனக்குக் கற்றுக் கொடுத்தது அந்தக் காலிப் பக்கம்.

எந்தப் பக்கத்தை வெளியேற்றுவது என்பதற்கும் அட்லஸில் ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு காலம் பயன்பட்டது, எவ்வளவு காலம் தீண்டப்படாமல் கிடந்தது என்று கணக்கு வைத்து, இனி நெடுநேரம் தேவைப்படாது என்று தோன்றுவதை அனுப்பும். கடந்த கால நடத்தையிலிருந்து கற்றுக்கொள்ளும் நிரல் அது.

நேர்மைக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். இதையொத்த கருத்தை ஜெர்மனியின் ஃபிரிட்ஸ்-ருடால்ஃப் குந்த்ஷ் 1956-இலேயே பெர்லினில் தம் முனைவர் பட்ட ஆய்வில் முன்வைத்திருந்தார். ஆனால் எண்ணத்தை இயந்திரமாக்கி, உண்மையான பயனாளர்களுக்காக நாள்தோறும் ஓட விட்டது மான்செஸ்டர்தான்.

அதே ஆண்டுகளில் நம் நாட்டிலும் முயற்சி நடந்தது. சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1954-இல் சேர்ந்து, டிஃப்ராக் என்ற கணினியைத் தம் குழுவினருடன் உருவாக்கினார். 1960-இல் அது முழுமையாக இயங்கத் தொடங்கியது. 1962-இல் பிரதமர் நேரு அதற்குப் பெயர் சூட்டினார். அதன் நினைவகம் 2,048 சொற்கள். அட்லஸின் நான்கு பக்கங்களில் அடங்கிவிடும் அளவு. அந்தச் சிறிய இடத்தில் விஞ்ஞானிகளின் கணக்குகளை அடக்கிய நம் முன்னோடிகளின் உழைப்பையும் இங்கே நினைவுகூரலாம்.

அட்லஸ் வணிக வெற்றி பெறவில்லை. மான்செஸ்டர், லண்டன் பல்கலைக்கழகம், சில்ட்டன் ஆய்வகம் என முழு வடிவில் மூன்றே இயந்திரங்கள் நிறுவப்பட்டன. ஃபெராண்டி தன் கணினிப் பிரிவை 1963-இல் விற்றுவிட்டது. அமெரிக்காவில் பலர், மனிதன் கையால் செய்யும் திட்டமிடலை இயந்திரம் விஞ்சாது என்று வாதிட்டார்கள். 1969-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் டேவிட் சேயர் குழுவினர் ஆய்ந்து, தானியங்கு முறையே மேல் என்று காட்டிய பின் வாதம் ஓய்ந்தது. 1972-இல் அந்நிறுவனமே தன் கணினிகளில் அதை அறிவித்தது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை உண்டு. கையில் இருப்பதைவிட அதிகமாக வாக்களிப்பது வங்கிகளின் தொழில். எல்லோரும் ஒரே நாளில் பணம் கேட்காத வரை வங்கி நிற்கும். நினைவகமும் அப்படியே. அளவுக்கு மீறிய செயலிகளை ஏற்றிக்கொண்டால், ஒன்றின் பக்கத்தை எடுத்து வர மற்றொன்றின் பக்கத்தை வெளியேற்ற, அது உடனே தன்னுடையதைக் கேட்க, கெர்னல் பக்கங்களைச் சுமப்பதிலேயே நேரம் முழுதும் கழியும். வேலை எதுவும் நடக்காது. அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் டென்னிங் 1968-இல் இந்த நிலையை ஆராய்ந்து, ஒவ்வொரு செயலிக்கும் அந்நேரத்தில் உண்மையாகவே தேவைப்படும் பக்கங்களுக்கு இடம் உறுதியான பிறகே அதை ஏற்க வேண்டும் என்றார். அந்த நிலைக்குத் தமிழில் அலைக்கழிப்பு என்ற சொல்லைவிடப் பொருத்தமானது எனக்குத் தோன்றவில்லை.

இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியிலும் கில்பர்னின் ஏற்பாடு ஓடிக்கொண்டிருக்கிறது. அட்லஸின் ஒரு பக்கம் இன்றைய கணக்கில் 3,072 பைட்டுகள். இப்போது பரவலாக வழங்குவது 4,096 பைட்டுகள். அறுபது ஆண்டுகளில் நினைவகம் பல லட்சம் மடங்கு பெருகியும் பக்கத்தின் அளவு பெரிதாக மாறவில்லை.

இன்றைய கெர்னல் ஒரு பக்கப் பிழையை எதிர்கொள்ளும் வரிசையை என் தம்பி மகள் தாளில் எழுதிக் காட்டினாள். முதலில், கேட்கப்பட்ட முகவரி எது என்று வன்பொருள் குறித்து வைத்ததைப் படிக்கும். அடுத்து, அந்த முகவரி இந்தச் செயலிக்கு ஒதுக்கப்பட்ட எல்லைக்குள் வருகிறதா, படிக்கவோ எழுதவோ அதற்கு அனுமதி உண்டா என்று பார்க்கும். உண்டு என்றால், பக்கம் வட்டில் இருந்தால் எடுத்து வரும். முதன்முறை கேட்கப்படும் பக்கம் என்றால் வெற்றுப் பக்கம் ஒன்றைத் துடைத்துக் கொடுக்கும். இரு செயலிகள் பகிர்ந்துகொண்டிருக்கும் பக்கத்தில் ஒன்று எழுத முற்பட்டால் அதற்குத் தனிப்படி எடுத்துக் கொடுக்கும். பின்னர் நின்ற கட்டளைக்கே திரும்பும். உரிமை இல்லை என்றால் தயவு காட்டாது. செயலியை அங்கேயே முடித்துவிடும்.

இந்த வரிசையில் கவனிக்க வேண்டியது ஒன்று. கெர்னல் கேட்கும் முதல் கேள்வி, பொருள் இங்கே இருக்கிறதா என்பதன்று. கேட்பவருக்கு உரிமை இருக்கிறதா என்பது. உரிமை உண்டு என்றான பிறகு, பொருள் எங்கே இருக்கிறது என்பது கேட்டவரின் கவலை அல்ல. ஆச்சியின் மனு சென்ற இடத்தில் இந்த வரிசை தலைகீழாக இருந்தது. தாள் மேசையில் இல்லை என்பதே முதல் கேள்வியாகவும் கடைசி விடையாகவும் அமைந்தது. உரிமையை யாரும் மறுக்கவில்லை. யாரும் அதுவரை வந்து பார்க்கவும் இல்லை.

கில்பர்னின் பிற்காலத்தையும் சொல்லி முடிக்கிறேன். 1964-இல் மான்செஸ்டரில் பிரிட்டனின் முதல் கணினி அறிவியல் துறையை நிறுவி, 1981-இல் ஓய்வு பெறும் வரை தலைமை வகித்தார். 1965-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1978-இல் அதன் அரச பதக்கத்தைப் பெற்றார். எம்.யு.5 என்ற ஐந்தாவது பெரிய கணினியையும் அவர் தலைமையில் வடிவமைத்தார்கள். இத்தனை சிறப்புக்கும் நடுவே அவர் விளம்பரம் நாடாதவர், சுருக்கமாகப் பேசுபவர், மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியின் விடாத ரசிகர். கோடை விடுமுறையைக் குடும்பத்துடன் பிளாக்பூல் கடற்கரையில் கழித்துவிட்டு, அணியின் முதல் ஆட்டத்துக்குத் தவறாமல் திரும்பிவிடுவாராம்.

1943-இல் மணந்த மனைவி ஐரீனின் உடல்நிலை குன்றியதால், அவரைக் கவனித்துக்கொள்ளவே 60 வயதில் பணியிலிருந்து விலக முடிவு செய்தார். ஆனால் அதே 1981-இல் ஐரீன் மறைந்துவிட்டார். தேவைப்படும் நேரத்தில் தேவைப்படுவதைக் கொண்டு வந்து சேர்க்கும் கலையை உலகுக்குத் தந்தவருக்கு, அந்த ஒன்று மட்டும் காலத்தில் வாய்க்கவில்லை. 1998-இல் பேபியின் மறு உருவாக்கம் பொன்விழா நாளான ஜூன் 21 அன்று இயக்கப்பட்டபோது அவர் உடனிருந்தார். 2001 ஜனவரி 17 அன்று மான்செஸ்டரில் காலமானார். அந்தப் பல்கலைக்கழகத்தின் கணினித் துறைக் கட்டடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இயந்திரத்துக்குப் பொருந்துவது அரசு அலுவலகத்துக்குப் பொருந்துமா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அலுவலர்களின் பணிச்சுமையை நான் அறிவேன். பணியிடங்களை நிரப்பாமல் திட்டங்களை மட்டும் அறிவித்துக்கொண்டே போனால், டென்னிங் சொன்ன அலைக்கழிப்பு அலுவலகத்துக்கும் நேரும். தாள்கள் நகரும், பணி நகராது. எனவே காலியாக ஒரு பக்கம் வைத்திருப்பதைப் போல, உதிரித் திறனுக்கும் அரசு செலவிடத்தான் வேண்டும்.

ஆனால் வழி இல்லை என்று சொல்ல முடியாது. 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் 6(3) என்ற பிரிவு இருக்கிறது. கேட்ட தகவல் தம்மிடம் இல்லாமல் வேறொரு பொது அமைப்பிடம் இருந்தால், மனுவைத் திருப்பி அனுப்பக் கூடாது. 5 நாள்களுக்குள் உரிய அமைப்புக்கு மாற்றிவிட்டு, மனுதாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. கில்பர்னின் மேற்பார்வையாளர் செய்ததை நம் நாடாளுமன்றமே ஒரு வகை மனுவுக்குச் சட்டமாக்கியிருக்கிறது. தகவல் கேட்பவருக்குக் கிடைக்கும் இந்த உரிமை, உதவித்தொகை கேட்கும் மூதாட்டிக்கு ஏன் கிடைக்கக் கூடாது? அரசிடம் ஏற்கெனவே உள்ள எந்தச் சான்றையும் மனுதாரரிடம் மறுபடி கேட்கக் கூடாது; அதை எடுத்து வருவது மனுவைப் பெற்ற அலுவலகத்தின் கடமை என்று நலத்திட்டங்கள் அனைத்துக்கும் விதி செய்ய வேண்டும். இதற்குப் பெரிய கணினி தேவையில்லை. பொறுப்பு யாருடையது என்ற தெளிவு போதும்.

ஆச்சியின் மனுவை ஐந்தாவது முறையாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். இம்முறை சான்று எந்தப் பிரிவில், எந்தக் கோப்பில் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதினேன். குறையுடையது என்ற சொல் மனுவின் மூலையில் மீண்டும் விழாமல் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். குறை மனுவில் என்றும் இருந்ததில்லை.